நாக்குக்கு அடியில் கூந்தல் தைலம்

முவைலா, ஷார்ஜா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சந்தியாவுக்கு அம்மா கனகா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வெளியிலேயும் இருக்கிறோம். வெளியில் என்றால் ஜெயிலுக்கு வெளியில். மற்ற அம்மாக்களுக்குச் சுகம் எழுதும்போது இதைத் தனியாகக் குறிப்பிடும் அவசியம் வராது, எனக்கு மட்டும் அந்தப் பாக்கியத்தை நீ கொடுத்திருக்கிறாய். நீயும் டொராண்டோவில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, குளிருக்கு அடங்கி இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். இதையெல்லாம் ஃபோனிலேயே திட்டித் தீர்த்திருப்பேன். ஆனால் நான் குரலை உயர்த்தினால் உடனே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸப்பிலும் இதைப் பற்றி ஒரு எழுத்து எழுதக் கூடாதென்று எதிர் வீட்டுக் கலீல் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். அதனால்தான் பேனா. அவர் மகள் ஹாலிதா அங்கே திரும்பி வரும்போது அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன், உறையை ஒட்டாமல். இனிமேல் அந்தப் பெண் நமக்காக எதைச் சுமந்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துதான் சுமக்க வேண்டும். நீ நடுவில் எங்கேயும் கட் பண்ண முடியாது, மெதுவாக எழுத்துக் கூட்டிப் படி.

போன வருஷம் அப்பாவுக்கு நடந்தது உனக்குப் பாதி தெரியும். மீதி எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். உயரமான கட்டடங்களுக்கு வெளியே கம்பியில் தொங்கும் அந்தக் கூண்டு, கிரேடில் என்பார்களே, அதில் நின்று கண்ணாடி மாட்டுவதும் பெயிண்ட் அடிப்பதுமாக நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த ஊரை வெளிப்பக்கமாகவே பார்த்துப் பழகியவர் அவர். புழுதிக்காற்று அடித்த அன்றைக்குக் கம்பி சிக்கி, அவரும் கூட வேலை செய்த பாலகுருவும் பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் மேலிருந்து ஆள் இறங்கித்தான் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. கம்பெனியும் சும்மா விடவில்லை, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலமும் கண்ணாடி போட்ட ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்து, மறுநாள் காலையில் இரண்டு பேரையும் அதே மாதிரி இன்னொரு கிரேடிலில் ஏற்றிவிட்டது. பாலகுரு புத்திசாலி, பாராட்டுப் பத்திரத்தை ரூமிலேயே விட்டுவிட்டு அறந்தாங்கிக்குப் போய் பிராய்லர் கடை போட்டுவிட்டார். உன் அப்பா வீரர், இங்கேயே இருந்தார். இருந்தார் என்று பெயர்தான், நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், ஏசி ஓடும்போதே வேர்த்துக் கொட்டும், நம் வீட்டு லிப்டில் ஏறமாட்டார், ஆறு மாடியும் படிதான். கேட்டால் கேஸ் என்பார். நம் பக்கத்து ஆம்பளைகளுக்குக் கழுத்துக்கும் தொப்புளுக்கும் நடுவில் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். பெருங்காயம், ஓமத்தண்ணீர், சீரகக் கஷாயம் எல்லாம் ஆனது. கிளினிக்கில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், வாய் வழியாக வயிற்றில் கேமராவை இறக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கேமராவிலேயே தெரியாத அளவுக்கு நுணுக்கமான கேஸ் என்று அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

இது கேஸ் இல்லை, ஆங்சைட்டி, மனசுக்குள் உட்கார்ந்துவிட்ட பயம், உடம்பு வழியாக வெளியே வருகிறது என்று அங்கிருந்தபடியே முதலில் சொன்னது நீதான். அதை நான் மறுக்கவில்லை, நல்லதை நல்லது என்றுதான் சொல்லவேண்டும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போம்மா என்றும் சொன்னாய். நானும் சொன்னேன். எனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இத்தோடு நீ நிறுத்தியிருந்தால் உன்னை நம் வம்சத்திலேயே அறிவாளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் அப்பனும் மகளும் எனக்குத் தெரியாமல் ஃபோனில் கூடி ஒரு வைத்தியம் முடிவு செய்தீர்கள் பார், கேஸாக இருந்ததை நிஜமான கேஸாக, போலீஸ், கோர்ட் என்று போகிற கேஸாக மாற்றுவதற்கு அந்த வைத்தியம் ஒன்றே போதும்.

ஹாலிதா தன் தங்கையின் நிக்காஹுக்கு வந்தபோது உன் பார்சலையும் கொண்டுவந்து கொடுத்தாள். கலீல் அண்ணன் வீடும் நம் வீடும் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளி பஸ்ஸில் போய் வந்தவர்கள் ஆயிற்றே, உன் பார்சல் என்றால் அவள் பிரித்தா பார்ப்பாள். மேப்பிள் பிஸ்கட் இருந்தது. எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர், அக்டோபரிலும் கொதிக்கிற இந்த ஷார்ஜாவில் பள்ளி பஸ் ஆயா வேலைக்குப் போட்டுக்கொண்டு போக மிகவும் பொருத்தம். அப்புறம் அப்பாவுக்கென்று கூந்தல் தைலம், உள்ளங்கை அளவு பாட்டில், சொட்டு விடும் மூடியோடு. முடி கொட்டுகிறதாம். உன் அப்பா தலையில் இனிமேல் கொட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, மகள் பாசமாக அனுப்பியிருக்கிறாள் என்று சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முருகனே அது என்னவென்று தெரிந்து முகம் சுளித்திருப்பார்.

நாலைந்து நாள் கழித்து, லீவு நாள் காலையில் சட்னி அரைத்துவிட்டு உள்ளே போகிறேன், உன் அப்பா கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மேலே தூக்கிக்கொண்டு அந்தத் தலையெண்ணெயை நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார். எனக்கு என்ன தோன்றும் சொல். பயத்தில் ஆளுக்கு மூளை குழம்பிவிட்டது, எண்ணெய் குடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் விரலைக் காட்டுகிறார், பேசக் கூடாதாம், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால்தான் ரத்தத்தில் சேருமாம். அப்புறம் விழுங்கிவிட்டு, பாப்பா சொல்லிச்சு, இது மருந்து, பேர் மட்டும்தான் தைலம் என்றார். உடனே உனக்கு ஃபோன் போட்டேன். நீ தூக்கக் கலக்கத்தில் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். சி.பி.டி.யாம், செடியிலிருந்து எடுப்பதாம், முழுக்க இயற்கையாம், அங்கே கடையில் வரிசையாக அடுக்கி வைத்து விற்கிறார்களாம், போதை கிடையாதாம். எனக்குச் சி.பி.டி. என்றால் ஏதோ படிப்பு மாதிரிதான் கேட்டது. செடி என்றதும் சரி, துளசி மாதிரி போலிருக்கிறது என்று மனசு ஆறினேன். எந்தச் செடி என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. எருக்கும் செடிதான், அரளியும் இயற்கைதான் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானம் எதிர் வீட்டில் ஜுலைஹா பீவி இனிப்புக்கு வட்டலப்பம் செய்து ஹாலிதாவின் சின்னம்மாக்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கும் கூப்பிட்டுக் கொடுத்தாள். நான் சிரிப்பாகத்தான் சொன்னேன், உன் மகள் கொண்டுவந்த கூந்தல் தைலத்தை எங்க வீட்டுக்காரர் குடிக்கிறார், சி.பி.டி.யோ என்னமோ, இனி வயிற்றுக்குள் முடி முளைக்கும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஹாலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அனுப்புவதற்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த கலீல் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து மற்றவர்களின் விசாவும் வழக்கும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனுஷர், அவருக்குத் தெரியாத சட்டம் இல்லை. எழுந்து வந்து, என்ன பெயர் சொன்னாய், திரும்பச் சொல் என்றார். சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் கேட்டார்.

“தங்கச்சி, அந்த பாட்டிலு எம் மக பெட்டியிலயா வந்துச்சு?”

ஆமாம் என்றேன். அவர் அங்கேயே, கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார். அது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற எண்ணெய். போதை ஏற்றுகிற சத்து வேறு, இது வேறு, அந்த நாட்டில் பயத்துக்கும் வலிக்கும் தூக்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், சட்டப்படி தப்பில்லை. இந்த நாட்டில் அது போதைப்பொருள் பட்டியலில்தான் சேரும், எனக்குத் தலைவலி என்றாலும் விடமாட்டார்கள், எனக்குத் தெரியாது என்றாலும் கேட்கமாட்டார்கள், பெட்டி யார் பெயரில் வந்ததோ அவர்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை, உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஹாலிதா உள்ளேயிருந்து வந்து நின்றாள். இரண்டு கைக்கும் மருதாணி போட்டிருந்தது, காயவில்லை, அதனால் கண்ணைக்கூடத் துடைக்க முடியாமல் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரப் பெண் என்னிடம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள் வாப்பா, நான் சிரித்துக்கொண்டே என் தங்கச்சிக்குக் கல்யாணம், துணிமணியும் பிஸ்கட்டும் என்று சொன்னேன், வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டாள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்தியா, நான் அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் கடனாக வெங்காயம் வாங்கியிருக்கிறேன், தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

நீ ஷார்ஜாவில் பிறந்தவள். பன்னிரண்டாவது வரை இங்கே படித்தவள். பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்களே வந்து இதைப் பற்றிப் படம் போட்டுக் காட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்து நீதான் எனக்குச் சொன்னாய். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். தெரிந்ததனால்தானே லேபிளைக் கிழித்துவிட்டுக் கூந்தல் தைலம் என்று ஒட்டினாய். படித்த படிப்பை நீ உபயோகித்த விதம் பிரமாதம். கலீல் அண்ணன் என்னோடு நம் வீட்டுக்கு வந்து, அந்தப் பாட்டிலைப் பாத்ரூமில் கவிழ்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடியும் கவிழ்த்து, தண்ணீரை இழுத்துவிட்டு இழுத்துவிட்டு டேங்க் காலியாகும் வரை நின்றார். உன் அப்பா வாசல்படியில் நின்றுகொண்டு இன்னும் பாதி இருந்ததே என்றார். நான் பார்த்த பார்வையில் அதோடு வாயை மூடிக்கொண்டார், இந்தத் தடவை நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லாமலேயே. அதற்கப்புறம் ஜுலைஹா என்னோடு பேசவில்லை. பார்த்தால் தலையை ஆட்டுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். நிக்காஹுக்குப் போகாமலும் இருக்க முடியாது, போய் ஹாலின் கடைசியில், ஏதோ வாடகைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தபோது அவளே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தன் தட்டில் உட்காரவைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தாயா. உன் வைத்தியம் அவ்வளவு சீக்கிரம் விடுகிற வைத்தியமா. கம்பெனியில் சவூதியில் இருக்கிற ஜுபைலுக்கு ஆள் எடுத்தார்கள், அங்கே ஒரு பிளாண்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிறார்களாம், உயரமான டேங்குகளுக்கு வெளியே தொங்கி வேலை செய்ய அனுபவமுள்ள போர்மேன் வேண்டுமாம். பட்டியலில் முதல் பெயர் உன் அப்பா சோலைமுத்து. போவதற்கு முன்னால் மெடிக்கல், அதில் சிறுநீரில் போதைமருந்து சோதனையும் உண்டு. உனக்கு ஃபோன் போட்டு அந்த எண்ணெய் சோதனையில் தெரியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ‘மோஸ்ட்லி’ தெரியாதும்மா என்றாய். போதை ஏற்றுகிற அந்தச் சத்து அதில் கொஞ்சமே கொஞ்சம்தான் இருக்கும் என்றாய். இருக்கவே இருக்காது என்று போன வாரம் சொன்னவள் நீ. மோஸ்ட்லி ஜெயில் இல்லை என்று சொன்னால் நான் மோஸ்ட்லி தூங்குவேனா. தெரிந்தால் என்ன ஆகும், வேலை போகும், விசா போகும், போலீஸ் வரும், எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், இவர் என்ன சொல்வார், எதிர் வீட்டுப் பெண் கொண்டுவந்தாள் என்றா சொல்வார். உன் அப்பா அன்று முழுக்க யோசித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காய்ச்சல் என்று லீவு போடலாமா என்றார், ஊருக்குப் போய்விடலாமா என்றார். கடைசியில் எழுந்து டூட்டிக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை, அவரோடு வேலை செய்கிறவர்கள் சொல்லித்தான் தெரியும். யார்டில் எல்லோரும் நிற்கும்போது சேஃப்டி ஆபீசர் அன்பரசன் பெயர்களை வாசித்திருக்கிறார். மதுரைக்காரர், சிரிப்பே வராத மனுஷர். உன் அப்பா பெயரை வாசித்ததும் இவர் முன்னால் போய் நின்று சொல்லியிருக்கிறார்.

“நான் ஏற மாட்டேன் சார். எனக்குப் பயமா இருக்கு. போன வருசத்துலேர்ந்தே பயமா இருக்கு.”

யாரோ ஒருவன் சிரித்திருக்கிறான். அன்பரசன் அவனைப் பார்த்ததும் அவனும் நிறுத்திவிட்டான். யோசித்துப் பார் சந்தியா, ஒரு பயத்தை மறைக்க உன் அப்பா ஒரு வருஷமாகப் பெருங்காயம் தின்றார், எண்ணெய் குடித்தார். இப்போது இன்னொரு பயத்திலிருந்து தப்பிக்க, அத்தனை பேர் நடுவில் முதல் பயத்தை எடுத்துப் போட்டுவிட்டார். பொய் சொல்லவில்லை, உண்மையில் பாதியைச் சொன்னார். அந்தப் பாதிதான் கஷ்டமான பாதி. அன்பரசன் ஒன்றும் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை. பயப்படுகிறவனை மேலே ஏற்றிய பாவம் எனக்கு வேண்டாம் என்று பெயரை அடித்தார், ஸ்டோரில் போட்டார், உயரத்துக்கு உண்டான அலவன்ஸ் இனிமேல் கிடையாது என்றார். அப்புறம், இன்ஷூரன்ஸில் மனநல டாக்டர் உண்டு, போய்ப் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தால்தான் ஸ்டோரிலும் வைத்திருப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நீயும் நானும் கெஞ்சியும் நடக்காதது, அந்த ஆள் மிரட்டி நடந்துவிட்டது. மிரட்டுவதற்கும் ஒரு கை வேண்டும் போலிருக்கிறது.

டாக்டர் ஒரு மலையாளத்து அம்மா, தமிழும் பேசுவார். நானும் கூடப் போனேன், என்ன உளறுவாரோ என்று. உன் அப்பா வழக்கம் போல முதலில் கேஸ் என்றுதான் ஆரம்பித்தார். அந்த அம்மா, சரி, அந்தக் கேஸ் முதலில் எப்போது வந்தது என்று கேட்டார். அன்றைக்குக் கிரேடிலில் என்றார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதை எனக்குக் கூட அவர் அதுவரை சொன்னதில்லை.

“நாங்க தொங்கின இடத்துல ஒரு வீடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, அப்பா, ரெண்டு புள்ளைங்க, டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கைய ஆட்டினேன். பாத்தாங்க. அந்தாளு போட்டோ எடுத்தாரு. பொறவு திரையை இழுத்து மூடிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்லலை, மேற்குப் பக்கம், வெயிலு முகத்துல அடிச்சிருக்கும். ஆனா திரை விழுந்தப்பறம் எனக்கு நானே இல்லாத மாதிரி ஆயிருச்சு. பாலகுரு கண்ண மூடிட்டான். பாக்க ஆளே இல்ல.”

அந்த அம்மா ஒன்றும் எழுதவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன், நானும் ஒரு திரையைத்தான் மூடிக்கொண்டு படுத்திருந்தேன் போலிருக்கிறது. சரி, அதை விடு. மாத்திரை கொடுத்திருக்கிறார், பேசுவதற்கு வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது நான் சும்மா இருப்பேனா, எங்கள் தெரிஞ்சவர் வீட்டில் ஒருத்தர் வெளிநாட்டிலிருந்து இந்த மாதிரி எண்ணெய் வாங்கிச் சாப்பிட்டாராம், அது நல்லதா டாக்டர் என்று கேட்டேன். அந்தத் தெரிஞ்சவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார். சிலருக்குப் பயம் குறைகிறது என்று ஆராய்ச்சி நடக்கிறது, உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் ஆகும், கடையில் விற்கிற எல்லாப் பாட்டிலிலும் மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. முக்கியமாக பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, ஒன்றோடொன்று சேர்ந்து வேறு மாதிரி வேலை செய்யும். இந்த நாட்டில் அந்தப் பேச்சே வேண்டாம், உங்கள் தெரிஞ்சவரிடம் சொல்லுங்கள் என்றார். அப்பா பிரஷர் மாத்திரை போடுகிறார் என்பதாவது உனக்கு ஞாபகம் இருந்ததா, டொராண்டோ டாக்டரம்மா? இப்போது எப்படி இருக்கிறார் என்றால், பூரணமாகக் குணம் என்று பொய் எழுதமாட்டேன். சில நாள் கை நடுங்குகிறது. லிப்டில் இரண்டாவது மாடி வரைக்கும் என்னோடு வருகிறார், அப்புறம் இறங்கிப் படியேறுகிறார். ஸ்டோரில் கயிறும் கொக்கியும் எண்ணிக் கொடுக்கும் வேலை பிடித்திருக்கிறது. அறுந்ததைக் கண்டால் உடனே ஒதுக்கிவிடுகிறாராம், இவர் கையெழுத்துப் போட்ட கயிறு என்றால் நம்பி ஏறலாம் என்று பையன்கள் சொல்கிறார்களாம்.

இந்தக் கடிதத்தை நேற்றே முடித்திருக்க வேண்டியது. சாயங்காலம் ஹாலிதா வந்தாள், என்னோடு தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கோபமா என்று கேட்டேன், இருக்கிறது என்றாள், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அந்த எண்ணெய் நீ அப்பாவுக்காகக் கடையில் வாங்கியதில்லையாம். உன் அலமாரியில் இருந்ததாம், நீ சாப்பிடுவதாம். சுரங்க ரயிலில் ஏறினால் உனக்கு மூச்சு அடைக்கிறதாம், ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாயாம், ஹாலிதா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறாளாம், பாதி நாள் ஆபீசுக்குப் போகாமல், மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாயாம். அவள் உன்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று நினைக்காதே, ஒருத்தியாவது எனக்குச் சொன்னாளே. அவள் போனபின் நான் வெகுநேரம் கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பக்கம் உன்னைத் திட்டி எழுதியிருக்கிறேன், அதில் ஒரு வரியையும் அடிக்கப் போவதில்லை, எல்லாம் உனக்கு உரியதுதான். ஆனால் உன்னிடம் இருந்த ஒரே மருந்தில் பாதியை அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறாய் என்பது தெரிந்தபின் எனக்குத் திட்ட வரவில்லை. நீ எதைக் கண்டு பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாது சந்தியா. தெரியவேண்டும். அந்த எண்ணெயை நீ அங்கே சாப்பிடுவதும் விடுவதும் உன் ஊர்ச் சட்டம், உன் உடம்பு. உன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய், அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். என்னிடம் மட்டும் நன்றாக இருக்கேம்மா என்று சொல்லாதே. நன்றாக இல்லை என்றால் இல்லை என்று சொல், நான் குரலை உயர்த்தமாட்டேன், முயற்சி செய்கிறேன்.

மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று. கலீல் அண்ணனுக்கு நீயே ஃபோன் போட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், மன்னிப்புக் கேள். ஹாலிதாவிடம் நேரில் கேள். தமிழில் கேள், சாரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. பர் துபாய் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்து விபூதி எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், வெள்ளைப் பொடியைப் பொட்டலம் கட்டி அந்தப் பெண் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கேயே உனக்காக நான் பூசிக்கொள்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் மூச்சு முட்டாமல், நிமிர்ந்து நடந்து, நூறு வயசு இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அம்மா,
கனகா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா எழுதியது பூராவும் படித்தேன். ரயிலில் ஏற முடியாவிட்டால் ஏற வேண்டாம், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போ. நீ காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம் எனக்கு இங்கே டூட்டி முடிந்துவிடும். ஃபோனைப் போட்டுக் காதில் மாட்டிக்கொள். ஒன்றும் பேச வேண்டாம். நீ போய்ச் சேருகிற வரைக்கும் நான் வைக்கமாட்டேன்.

சோலைமுத்து